மூன்று விரலார் வம்சத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

அன்புள்ள தங்கைக்கு,

உன் சின்ன அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அண்ணியும் நலம், பெரியண்ணனும் நலம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, அம்மாவும் நலம் என்று எழுதப் போன இடத்தில் பேனா நின்றுவிட்டது. முப்பத்தொரு வருஷம் கழித்து எழுதுகிற முதல் கடிதத்தில் முதல் பத்தியிலேயே பொய் சொல்ல மனசு வரவில்லை. அம்மா பதினெட்டு நாள் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எண்பத்தாறு வயதில் அறுவைச் சிகிச்சை தாங்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியண்ணன் வீட்டு முன்னறையில், ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். "பாக்கணும்னு நினைக்கிறவங்களை எல்லாம் வரச் சொல்லிடுங்க" என்று டாக்டர் சொன்னார். பெரியண்ணன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டார். உன்னைத் தவிர.

விஷயம் இவ்வளவுதான், கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் இத்தனை வருஷம் வாயில்லாமல் இருந்தவன் திடீரென்று ஏன் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். ஆதி என்றால் நிஜமாகவே ஆதி, உலகம் உண்டான நாள். கொஞ்சம் பொறுமையாகப் படி.

நம் மூன்று விரலார் முன்னேற்றச் சங்கத்துக்கு இது ஐம்பதாவது வருஷம். பெரியண்ணன்தான் தலைவர். எட்டு மாதம் முன்பு என்னைக் கூப்பிட்டு, "டேய், பொன்விழா மலர் போடறோம். நம்ம சாதியோட தோற்றமும் வளர்ச்சியும்னு ஒரு அத்தியாயம் வேணும். நீதான் எழுதற. முப்பத்தஞ்சு வருஷம் அச்சாபீஸ்ல பிழை திருத்தினவன், உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். பிழை திருத்துவதும் எழுதுவதும் ஒன்றில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியண்ணனிடம் நான் வாயெடுத்தது எதுவும் வாயை விட்டு வெளியே வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு ஒரு குருட்டுத் தைரியம் இருந்தது. எங்கள் அச்சாபீஸில் நான் இருந்த காலத்தில் பதினொரு சாதிச் சங்கங்களுக்கு மலர் அடித்திருக்கிறோம். பதினொன்றுக்கும் பிழை பார்த்தவன் நான். முதலாளியின் மேஜை இழுப்பறையில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கும். சங்கத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கோத்துவிடுவார்கள். ஆதியில் ஒரு மகா புருஷன் இருந்தான், அவன் முகத்திலிருந்து ஒரு வகை மனிதர்கள் வந்தார்கள், தோளிலிருந்து ஒரு வகை, தொடையிலிருந்து ஒரு வகை, பாதத்திலிருந்து ஒரு வகை என்று ஆரம்பிக்கும். அடுத்த பக்கத்தில் இந்தச் சங்கத்தார் தோளிலிருந்து வந்த அரச வம்சம் என்று இருக்கும். மூன்றாம் பக்கத்தில் ஒரு யாகத் தீ, நான்காம் பக்கத்தில் ஒரு துரோகி, ஐந்தாம் பக்கத்தில் ராஜ்யம் போய்விடும், ஆறிலிருந்து நன்கொடையாளர்களின் புகைப்படம். பதினொரு சங்கமும் தோளிலிருந்தே வந்தன. "அந்த ஆளுக்கு எத்தனை தோளுதான் சார் இருந்துச்சு?" என்று எழுத்துக் கோக்கிறவர் ஒரு நாள் என்னைக் கேட்டார். பாதத்திலிருந்து வந்ததாக ஒப்புக்கொண்டு மலர் அடிக்க ஒரு சங்கமும் வரவில்லை. எனவே பன்னிரண்டாவது தோளாக நம்மையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வினை முத்திரையில் வந்தது. நம் சங்கத்தின் முத்திரை உனக்கு ஞாபகம் இருக்கும். தலைமுறை தலைமுறையாக நம் வீட்டில் இருந்த மரக்கட்டை அச்சிலிருந்து எடுத்தது, மூன்று விரல் மட்டும் உள்ள ஒரு கை. அதற்கு விளக்கம் எழுத வேண்டும். மூன்று விரல் மூன்று ராஜ்யம் என்றார் பெரியண்ணன். மூன்று வேதம் என்றார் செயலாளர். மூன்று நதி என்றார் பொருளாளர், அவர் மனைவி ஊரில் நதி ஓடுகிறது. கமிட்டி நாலு முறை கூடியது. நாலாவது கூட்டத்தில் செயலாளரும் பொருளாளரும் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். இதற்கு நடுவில், சங்கக் கட்டடத்தின் முகப்பில் வைக்க ஐந்தடி உயரச் சுதைக் கை ஒன்று செய்யச் சொல்லியிருந்தார்கள். செய்தவர் விவரம் தெரியாதவர், பழைய அச்சில் இரண்டு விரல் உடைந்து போயிருக்கிறது என்று நினைத்து, பாவம், ஐந்து விரலும் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். பெரியண்ணன் பக்கத்திலேயே நின்று சுத்தியலால் இரண்டை உடைக்கச் சொன்னார். அப்படி உடைத்ததைப் பார்த்தபோதுதான், ஒரு கையில் மூன்று விரல் இருக்க வேறு காரணமும் இருக்கலாமே என்று முதல் முதலாக எனக்குத் தோன்றியது.

ஆதாரம் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பத்தொன்பது நாள் போனேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. அங்கே கட்டுகளை எடுத்துத் தருகிற அம்மாளுக்கு எல்லோரும் வைத்திருக்கிற பெயர் கண்ணாடியம்மா. ஒன்று கண்ணில், ஒன்று நெற்றியில், ஒன்று கழுத்துச் சங்கிலியில் என்று மூன்று கண்ணாடி. நான் மகா புருஷன், தோள், யாகத் தீ என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், நானும் முப்பது வருஷமா பாக்கறேன். வர்றவங்க அத்தனை பேரும் ராஜா வீட்டுக் காகிதம்தான் கேக்கறாங்க. மூட்டை தூக்கினவன் பேரு இருக்கற காகிதம் வேணும்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்லை."

"பழைய பாட்டிலேயே நாலு வகைன்னு இருக்கேம்மா."

"பாட்டுல நாலு சார். இங்க என் அலமாரியில நாலாயிரம் இருக்கு. மிச்சத்தை எல்லாம் யாரு பெத்தா?"

படித்தவர்கள் இதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள், தொழிலால் வந்தது, நிறத்தால் வந்தது, ஜெயித்தவன் தோற்றவன் என்று வந்தது என்று நானும் அரைகுறையாகப் படித்ததை ஒப்பித்தேன். அவர் நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டே, "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் சார். ஆனா என் கட்டுகளைக் கேட்டா அது ரெண்டே சங்கதிதான் சொல்லுது. யாரு வீட்டுல பொண்ணு எடுக்கலாம், யாரு எங்க நின்னு தண்ணி குடிக்கலாம். மத்தது எல்லாம் அப்புறமா எழுதிச் சேத்தது" என்றார். நம் குடும்பத்துப் பழைய ஊர்ப் பெயரையும் பாட்டன் பெயரையும் கேட்டுக்கொண்டு போனார். மறுநாள் மூன்று காகிதங்களை என் முன்னால் வைத்தார்.

முதலாவது, நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு கயிற்றுச் சாலையின் ஆள் பட்டியல். ஆம் தங்கை, கயிறு. தேங்காய் நாரை ஆற்றங்கரைக் குழியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அழுகியதும் எடுத்து அடித்துத் திரிக்கிற வேலை. பட்டியலின் முதல் வரியில், "மூன்று விரலன், கயிறு திரிக்கும் ராட்டினத்தில் சிக்கி இரண்டு விரல் போனவன், இனிக் கயிற்றுச் சுருளுக்குத் தன் கை வடிவில் வெட்டிய மரக்கட்டையால் முத்திரை வைப்பான். மூத்த மகன், இளைய மகன், ஒரே வீடு" என்று இருந்தது. அவ்வளவுதான் நம் மூன்று ராஜ்யமும் மூன்று வேதமும். வெட்கமாக இருந்ததா என்றால் இல்லை. அந்த ஆளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்றுதான் தோன்றியது.

இரண்டாவது, ஒரு கிணற்று வழக்கின் வாக்குமூலம். மூத்தவன் கயிற்றுக் கிடங்குக்கு மேற்பார்வையாளனாகி மேட்டுத் தெருவில் கல்வீடு கட்டிக்கொண்டான். இளையவன் குழியிலேயே இருந்தான். அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அழுகின நாரின் நாற்றம் உடம்பில் ஒட்டியிருக்கும். ஈரம் காய்கிற வரைக்கும் வெளியே நிற்கச் சொன்னதாக மூத்தவனின் மனைவி சொல்லியிருக்கிறாள். அப்புறம் வெளியிலேயே சோறு கொடுத்தார்கள். அப்புறம் குழிப் பக்கமே போகாத அவன் பிள்ளைகளையும் வெளியில் நிறுத்தினார்கள். அப்புறம் கிணற்றிலும் கை வைக்கக் கூடாது. "அவர் உன் கொழுந்தன்தானே?" என்று கேட்கிறார் விசாரித்த அதிகாரி. "ஆமாம், ஆனாலும் வழக்கம் இப்படி." "எவ்வளவு காலமாக வழக்கம்?" "ஆதிகாலம் தொட்டு." பக்கத்து ஓரத்தில் குமாஸ்தா ஒருவர் சின்ன எழுத்தில் "பதினான்கு வருஷம்" என்று குறித்து வைத்திருக்கிறார். நாற்றம் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போன பிறகும் நிற்க வேண்டிய தூரம் மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

மூன்றாவது, அதற்கு நாற்பது வருஷம் கழித்து, அரசாங்கம் குடிமக்கள் கணக்கு எடுத்தபோது நம் கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு. தாங்கள் யாகத் தீயிலிருந்து வந்தவர்கள், கயிறு திரிக்கிறவர்களோடு உலகம் தோன்றிய நாளிலிருந்து எந்தச் சம்பந்தமும் கிடையாது, ஆகையால் பட்டியலில் இரண்டு படி மேலே எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார். "மனுப்படியே எழுதலாம்" என்று யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். நாம் உண்டானது அந்தக் கிறுக்கலில்தான். அதே கட்டுக்குள் அடுத்த காகிதம், நமக்கு மேல் படியில் இருந்தவர்கள் போட்ட எதிர் மனு. இந்த மூன்று விரல்காரர்களை எங்கள் வாசலுக்கு வெளியேதான் நிற்க வைப்போம், அதுவும் ஆதிகாலம் தொட்டு வழக்கம் என்று இருந்தது. கண்ணாடியம்மா சிரிக்கவில்லை. "இதுக்கு மேலயும் ஒரு கட்டு இருக்கு சார், அவங்களை வெளிய நிக்க வெச்சவங்களோடது. எடுத்துட்டு வரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். உன் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கப் பெரியண்ணன் அனுப்பியது என்னைத்தான். திரும்பி வந்து, "லேத் பட்டறையில நல்ல வேலைக்காரர்னு பேரு. ஆனா கயிறு திரிக்கிற ஆளுங்க. அவங்க வீட்டை மூணு விரல்காரர் வீடுன்னு சொல்றாங்க" என்றேன். "பாத்தியா, நம்ம முத்திரையையே திருடிப் பேரு வெச்சிருக்கானுங்க" என்று பெரியண்ணன் குதித்தார். திருடவில்லை தங்கை. அவர்கள் இளையவன் வீடு. நாம் மூத்தவன் வீடு. அவர்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள், நாம் அச்சுக்கட்டையை எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் இவளுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று பேப்பரில் வந்ததே, அந்த அறிவிப்பு எங்கள் அச்சாபீஸில்தான் கோத்தது. பிழை பார்க்க என் மேஜைக்கு வந்தது. உன் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி விட்டுப் போயிருந்தது. அதைப் போட்டேன். வேறு பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஆறு வருஷம் முன்பு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிற வரிசையில் நீ நின்றுகொண்டிருந்தாய், தலை நரைத்திருந்தது. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீ போகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். மனுஷனா நீ என்று நீ கேட்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று காகிதத்தின் நகலையும் பெரியண்ணன் முன்னால் வைத்தேன். அம்மா படுத்திருக்கிற அதே அறை. ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. முப்பத்தொரு வருஷச் சண்டை தீர்ந்தது, இப்போது எழுந்து போய் உனக்குப் போன் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ அவன் இளையவன் வழி" என்றார்.

"ஆமாண்ணே."

"நாம மூத்தவன் வழி."

"ஆமாண்ணே. ஒரே ரத்தம்."

"அட பாவி! அப்ப பங்காளி ஆயிட்டானேடா! அண்ணன் தங்கச்சி முறைடா! இந்தக் கல்யாணமே செல்லாது!"

"அண்ணே, வேற சாதிக்காரன்னு சொல்லித்தானே ஒதுக்கி வெச்சோம்?"

"அது அப்போ. இப்ப ஒரே சாதின்னு நீதானே காகிதம் கொண்டாந்து காட்டற? அப்ப அதுக்குத் தகுந்த மாதிரி ஒதுக்கி வெக்க வேண்டியதுதான்."

நான் வாதாடினேன் தங்கை, நம்பு. ஆறு தலைமுறை ஆகிவிட்டது, பேரன் பேத்தி எடுக்கிற வயசு வந்துவிட்டது என்று சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வேறாக இருந்தாலும் தள்ளி வைக்கலாம், ஒன்றாக இருந்தாலும் தள்ளி வைக்கலாம். காரணம் மாறிக்கொண்டே இருக்கும், தள்ளி வைப்பது மட்டும் அப்படியே இருக்கும். நூற்றறுபது வருஷத்துக் காகிதக் கட்டுகளில் நான் தேடிய வளர்ச்சி என் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஆனால் எழுந்து உள்ளே போகிறவர் கதவுப் பக்கம் நின்று, என்னைப் பார்க்காமல், "அவளுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். "ரெண்டு" என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்று போய்விட்டார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பங்காளி, யாகத் தீ எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு, "சின்னவளுக்கு எப்பவும் சிக்கு விழுற முடி. வந்தா வாரி விடணும். அந்தச் சீப்பை எடுத்து இங்க வை" என்று தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். அன்றிலிருந்து கண் விழிக்கிற போதெல்லாம் கையை விட்டுச் சீப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாள். பத்து நாள் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்கிறார்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அறுபத்து நாலு வயசில் முதல் முடிவு. பொன்விழா மலரில் மூன்று காகிதத்தையும் அப்படியே போடுவேன். மேடையில் என் வாயால் படிப்பேன், யார் நாற்காலியைத் தூக்கினாலும் சரி. நீ உடனே புறப்பட்டு வா. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்க, முன்வாசல் வழியாக வா. நான் வாசலில் நின்று உங்கள் கையைப் பிடித்து அம்மா கட்டிலுக்கு அழைத்துப் போவேன். பெரியண்ணன் குறுக்கே நின்றால் அவரையும் ஒரு கை பார்க்கிறேன். இனி எனக்கு எவரிடமும் பயமில்லை.

உன் அண்ணி உன்னை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல், இத்தனை வருஷமாகச் சொல்லாத வணக்கம். பிள்ளைகள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சின்ன அண்ணன்

பி.கு.: மடித்து உறையில் போட்ட பிறகு சில விஷயங்கள் ஞாபகம் வந்தன. மலர் நேற்றே அச்சாகிவிட்டது. தீயிலிருந்து பிறந்ததாகத்தான் போட்டிருக்கிறது, கடைசி நேரத்தில் மாற்றுவது அச்சாபீஸுக்குச் சிரமம். நானே பிழை பார்த்தேன், ஒன்றும் இல்லை. பெரியண்ணன் வியாழக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை சங்கத்தில் இருப்பார், அந்த நேரத்தில் வந்தால் உனக்கும் நிம்மதி. முன்வாசலுக்கு எதிர் வீட்டில் செயலாளர் உட்கார்ந்திருப்பார், எதற்கு வம்பு, பின்பக்கச் சந்து வழியாக வந்துவிடு, கதவைத் திறந்து வைக்கிறேன். யாராவது கேட்டால் அம்மாவைப் பார்க்க வந்த நர்ஸ் என்று சொல். பிள்ளைகளை இன்னொரு சமயம் கூட்டி வரலாம். மாப்பிள்ளையைத் தெருமுனையிலேயே நிற்கச் சொல், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அங்கே நல்ல நிழல் இருக்கிறது.